ஒன்பதாம் வகுப்பில் ஆங்கிலப் பேச்சு: எந்த உத்தியை எங்கே வைப்பது?

கேள்வி: அரசு உயர்நிலைப் பள்ளியில் 9, 10ஆம் வகுப்புகளுக்கு ஆங்கிலம் எடுக்கிறேன். வகுப்புக்கு 45 பேர். எழுத்துத்தேர்வில் 80 மதிப்பெண் வாங்கும் பிள்ளைகள்கூட ஒரு வாக்கியம் பேசச் சொன்னால் தலை குனிந்துகொள்கிறார்கள். செயல்வழிக் கற்றல் உத்திகளில் எவை பேச்சுத்திறனுக்கு உண்மையிலேயே உதவும்?

பதில்:

உத்திகளின் பெயர்களுக்குள் போகும் முன் ஒரு சிறு கணக்கைப் போட்டுப் பார்த்துவிடுவது நல்லது. 40 நிமிடப் பாடவேளையில் வருகைப்பதிவும் பாட அறிமுகமும் 10 நிமிடத்தை எடுத்துக்கொண்டால் மீதி 30 நிமிடம். ஒவ்வொருவராக எழுப்பிப் பேசச் சொன்னால் ஒரு மாணவருக்குக் கிடைப்பது 40 விநாடி. எழுந்து நிற்பதற்கும், சிரித்துச் சமாளிப்பதற்கும், "மிஸ், அவனைக் கேளுங்க" என்பதற்குமே அதில் பாதி போய்விடும். அதே 30 நிமிடத்தில் எல்லோரும் இருவர் இருவராகப் பேசினால் ஆளுக்கு 15 நிமிடம் கிடைக்கிறது. ஆகவே எந்த உத்தியைப் பற்றிக் கேள்விப்பட்டாலும் நான் முதலில் பார்ப்பது, அதில் ஒரே நேரத்தில் எத்தனை பேர் பேசுகிறார்கள் என்பதைத்தான். அடுத்து, பேசுபவர் சொல்வதைக் காது கொடுத்துக் கேட்டால் மட்டுமே முடிக்கக்கூடிய வேலை ஒன்று எதிரில் இருப்பவரிடம் இருக்கிறதா என்று பார்ப்பேன். இவ்விரண்டும் இல்லாத செயல்பாடு எவ்வளவு வண்ணமயமாக இருந்தாலும் பேச்சுப் பயிற்சியாகாது.

நம் பள்ளிகளில் பேச்சுக்குப் பஞ்சமில்லை என்று சிலர் சொல்வார்கள். ஆண்டுவிழா, குழந்தைகள் தினம், இலக்கிய மன்றம் என்று பேச்சுப்போட்டிகள் நடந்துகொண்டேதான் இருக்கின்றன. ஆனால் அங்கே நடப்பது பெரும்பாலும் ஆசிரியரோ பெற்றோரோ எழுதிக் கொடுத்ததை மனப்பாடம் செய்து ஏற்ற இறக்கத்தோடு ஒப்பிப்பது. பரிசு வாங்கிய பிள்ளையை மேடையை விட்டு இறங்கியதும் நிறுத்தி, "நீ சொன்ன இரண்டாவது காரணம் எனக்குப் புரியவில்லை, இன்னொரு முறை விளக்கு" என்று கேட்டுப் பாருங்கள். பல சமயம் அதே வாக்கியம்தான் திரும்பி வரும். வாய்மொழித் தொடர்பு என்று பாடத்திட்டங்கள் சொல்வதில் கேட்பது, இடையில் சந்தேகம் கேட்பது, புரியாதவருக்கு வேறு விதமாகச் சொல்வது, தன் முறைக்குக் காத்திருப்பது எல்லாம் அடங்கும். ஒப்பிப்பதில் இவற்றில் ஒன்றுகூட இல்லை. பேச்சுப்போட்டியை நிறுத்த வேண்டும் என்று சொல்லவில்லை. குரலுக்கும் துணிச்சலுக்கும் அது நல்ல பயிற்சிதான். ஆனால் அதை நம்பி வகுப்பறைப் பேச்சை விட்டுவிடக் கூடாது.

இதற்கு ஆய்வுத் துணையும் உண்டு. கனடாவில் ஆங்கிலம் பேசும் பிள்ளைகள் பிரெஞ்சு வழியில் படித்த பள்ளிகளை ஆராய்ந்த மெரில் ஸ்வெயின், பல ஆண்டுகள் பிரெஞ்சில் பாடம் கேட்ட பிறகும் அவர்களுடைய கேட்டலும் வாசித்தலும் வளர்ந்த அளவுக்குப் பேச்சின் இலக்கணத் திருத்தம் வளரவில்லை என்று 1985இல் எழுதினார். அவர்கள் நிறையக் கேட்டார்கள், ஆனால் சொந்தமாக வாக்கியம் அமைத்துச் சொல்ல வேண்டிய நெருக்கடி அவர்களுக்கு அதிகம் வரவில்லை என்பது அவர் தரப்பு. உங்கள் மாணவர்களின் நிலை இதைவிடக் கடினமானது, ஏனென்றால் அவர்கள் ஆங்கில வகுப்பில்கூடக் கேட்பது பாதி தமிழ் விளக்கம்தான்.

செயல்வழிக் கற்றல் மேலானது என்று பயிற்சிக் கூட்டங்களில் சொல்பவர்கள், 225 ஆய்வுகளைத் தொகுத்து 2014இல் வெளியான ஸ்காட் ஃப்ரீமன் குழுவின் கட்டுரையை மேற்கோள் காட்டுவதுண்டு. விரிவுரை மட்டுமே நடக்கும் வகுப்புகளில் மாணவர் தோல்வி சுமார் ஒன்றரை மடங்கு இருந்தது என்பது அதன் முடிவு. அது நல்ல ஆய்வு. ஆனால் கல்லூரி அளவிலான அறிவியல், பொறியியல், கணித வகுப்புகளைப் பற்றியது. பள்ளிப் பேச்சுத்திறனுக்கு அதைச் சான்றாகக் கொண்டுவருவது சரியல்ல. நமக்கு வேண்டிய சான்றுகள் மொழி கற்பித்தல் துறையிலேயே இருக்கின்றன.

நமக்கே இதில் ஓர் அனுபவமும் உண்டு. 2000களின் பிற்பகுதியில் தமிழ்நாட்டின் 6 முதல் 8 வரையான வகுப்புகளில் ஏ.எல்.எம். எனப்பட்ட படைப்பாற்றல் கல்வி வந்தது. மாணவர்கள் பாடத்தைப் படித்து, மனவரைபடம் வரைந்து, குழுவில் கலந்துபேசி, வகுப்பின் முன் வழங்க வேண்டும் என்பது அதன் வரிசை. மனவரைபடங்கள் சுவர் முழுக்கத் தொங்கின. கலந்துபேசும் நேரத்தை வண்ணப் பென்சில் விழுங்கிவிட்டது. வழங்குவது என்பது, வரைந்ததைப் பார்த்து வாசிப்பதாகச் சுருங்கியது. கண்ணுக்குத் தெரியும் ஒரு பொருளை மேலதிகாரிக்குக் காட்ட வேண்டியிருக்கும் எந்தத் திட்டத்திலும் பேச்சுதான் முதலில் பலியாகும், ஏனென்றால் பேச்சைச் சுவரில் ஒட்ட முடியாது.

இனி உத்திகளுக்கு வருவோம். முதலாவது, செலவே இல்லாதது: கேள்வி கேட்ட பிறகு காத்திருப்பது. அமெரிக்கக் கல்வியாளர் மேரி பட் ரோ, தொடக்கப்பள்ளி அறிவியல் வகுப்புகளின் ஒலிப்பதிவுகளை ஆராய்ந்து, ஆசிரியர்கள் கேள்வி கேட்டுவிட்டுச் சராசரியாக ஏறத்தாழ ஒரு விநாடிதான் காத்திருக்கிறார்கள் என்று 1970களில் கண்டார். அதை 3 விநாடியோ அதற்கு மேலோ நீட்டியபோது விடைகள் நீண்டன, "தெரியாது" குறைந்தது, வழக்கமாகப் பேசாதவர்களும் பேசினார்கள். அயல்மொழியில் வாக்கியம் அமைக்க வேண்டிய உங்கள் மாணவருக்கு 3 விநாடியும் போதாது; 7, 8 விநாடி மனத்துக்குள் எண்ணுங்கள். கேள்விக்கு முன்னால் ஒரு பெயரைச் சொல்லிவிட்டால் மற்ற 44 பேரும் யோசிப்பதை நிறுத்திவிடுவார்கள். கேள்வி முதலில், மௌனம் அடுத்து, பெயர் கடைசியில். மாணவர் மெதுவாகச் சொன்ன விடையை நீங்கள் உரக்கத் திருப்பிச் சொல்லும் வழக்கத்தையும் விட்டுவிடுங்கள். ஆசிரியர் எப்படியும் சொல்லிவிடுவார் என்றால் சக மாணவர் பேசுவதை யாரும் கேட்கப்போவதில்லை.

அடுத்தது பலருக்கும் தெரிந்த "யோசி, இணை, பகிர்": முதலில் தனியாக யோசித்து, பக்கத்தில் இருப்பவரோடு பேசி, பிறகு வகுப்போடு பகிர்வது. மேரிலாந்து பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஃபிராங்க் லைமன் 1981இல் முன்வைத்த இந்த முறை நம் ஊரில் இரண்டு இடங்களில் கெடுகிறது. யோசிக்கும் நேரம் தரப்படுவதில்லை; ஆசிரியர் கேள்வியைச் சொன்ன கையோடு "டிஸ்கஸ்" என்கிறார். பகிரும் கட்டத்தில் எப்போதும் கை தூக்கும் அதே ஐந்து பேர் கை தூக்குகிறார்கள். முதல் குறைக்கு மருந்து, 1 நிமிடம் யாரும் பேசாமல் நோட்டில் மூன்று நான்கு சொற்கள் மட்டும் எழுதிக்கொள்ளச் சொல்வது. முழு வாக்கியம் எழுத விட்டால் பிறகு அதை வாசிப்பார்கள். இரண்டாவது குறைக்கு, பகிரும்போது சொந்தக் கருத்தைக் கேட்காமல் "உன் பக்கத்தில் இருப்பவள் என்ன சொன்னாள்?" என்று கேட்பது. இந்த ஒரு மாற்றம் கேட்பதைக் கட்டாயமாக்கிவிடுகிறது. தன் கருத்தைச் சொல்ல அஞ்சும் பிள்ளைக்கும், பிறர் கருத்தைச் சொல்வதில் பொறுப்பு பாதியாகக் குறைவதால், துணிச்சல் வருகிறது.

பேச்சுத்திறனுக்கு மிகவும் பயன் தரும் ஒன்றைச் சொல்லச் சொன்னால் நான் தகவல் இடைவெளிச் செயல்பாட்டைத்தான் சொல்வேன். ஒருவரிடம் பாதித் தகவல், மற்றவரிடம் மீதிப் பாதி. தாளைக் காட்டாமல் பேசியே முழுமையாக்க வேண்டும். மதுரை மாட்டுத்தாவணியிலிருந்து திருச்சி, திருநெல்வேலி, ராமநாதபுரம் செல்லும் ஆறு பேருந்துகளுக்கு நீங்களே ஓர் அட்டவணை தயாரியுங்கள். ஒரு தாளில் புறப்படும் நேரம் மட்டும், இன்னொன்றில் கட்டணம் மட்டும் இருக்கட்டும். "வாட் டைம் டஸ் த திருநெல்வேலி பஸ் லீவ்?" என்று ஒரு பையன் கேட்பான். "செவன் ஃபிஃப்டீன்" என்பான் அடுத்தவன். முதல்வன் 7.50 என்று எழுதுவான். எதிரே இருப்பவன் அதைக் கவனித்துவிட்டாலோ, அடுத்த பேருந்தின் நேரத்தோடு இடித்தாலோ, "ஃபிஃப்டீனா, ஃபிஃப்டியா?" என்று நிற்பார்கள், பிறகு "ஒன் ஃபைவ் ஆர் ஃபைவ் ஜீரோ?" என்று ஒருவன் வழி கண்டுபிடிப்பான். அந்த இடம்தான் இந்தச் செயல்பாட்டின் உயிர். புரியாமல் போனதைப் பேசிச் சரிசெய்துகொள்ளும் இந்த இழுபறியில்தான் மொழி ஏறுகிறது என்பது மொழி கற்றல் ஆய்வாளர் மைக்கேல் லாங் 1980களில் வளர்த்தெடுத்த கருத்து. உச்சரிப்பைத் தனிப் பாடமாக எடுப்பதைவிட இந்த ஒரு குழப்பம் ஃபிஃப்டீனின் பின்பகுதியை நீட்டிச் சொல்ல வேண்டியதன் அவசியத்தை அவர்களுக்கு உணர்த்திவிடும்.

45 பேருக்கு ஜெராக்ஸ் எடுக்கக் காசில்லை என்றால் கவலை வேண்டாம். அட்டவணையைக் கரும்பலகையில் எழுதிவிட்டு, ஒவ்வொரு இணையிலும் ஒருவரைப் பலகைக்கு முதுகு காட்டி உட்காரச் சொல்லுங்கள். பலகையைப் பார்ப்பவர் பதில் சொல்வார், பார்க்காதவர் கேட்டுக் குறித்துக்கொள்வார். பாதியில் பலகையை அழித்து வேறு அட்டவணை எழுதி, இருவரையும் இடம் மாற்றுங்கள். பெஞ்சு சுவரோடு பதிக்கப்பட்டிருந்தாலும் இது நடக்கும். பேருந்து சலித்தால் அரசு மருத்துவமனையின் புறநோயாளர் பிரிவு நேரம், கபடிப் போட்டி அட்டவணை, காணாமல் போன பள்ளிப் பையின் அடையாளம் என்று மாற்றிக்கொண்டே போகலாம். படம் வரையச் சொல்வது இன்னும் எளிது: ஒருவர் விவரிக்க மற்றவர் வரைவார், முடிவில் ஒப்பிட்டுப் பார்த்துச் சிரிப்பார்கள்.

சரளத்துக்கு 4-3-2 என்ற முறை இருக்கிறது. 1983இல் கீத் மாரிஸ் எழுதியதை நியூசிலாந்து மொழியியலாளர் பால் நேஷன் பரவலாக்கினார். ஒரு மாணவர் ஒரே செய்தியை முதலில் ஒருவரிடம் 4 நிமிடமும், அடுத்து வேறொருவரிடம் 3 நிமிடமும், மூன்றாமவரிடம் 2 நிமிடமும் சொல்ல வேண்டும். கேட்பவர் ஒவ்வொரு முறையும் புதியவர் என்பதால் அதே செய்தியைச் சொல்வது செயற்கையாக இருக்காது. நேரம் குறைவதால் தயக்கமும் இடைவெளியும் குறைய வேண்டியிருக்கும். ஒரே தலைப்பை மூன்று முறை சொன்னவர்களுக்கு ஏற்பட்ட சரள முன்னேற்றம் பின்னர் புதிய தலைப்பிலும் நிலைத்தது என்றும், மூன்று முறையும் வேறு வேறு தலைப்பில் பேசியவர்களிடம் அது நிலைக்கவில்லை என்றும் நெல் டி யோங், சார்லஸ் பெர்ஃபெட்டி ஆகியோர் 2011இல் வெளியிட்ட ஆய்வு காட்டுகிறது. உங்கள் மாணவர்களுக்கு 4 நிமிடம் மிக நீளம். 2 நிமிடம், ஒன்றரை, 1 என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு வரிசையாக எதிரெதிரே நிற்க வைத்து ஒரு வரிசையை மட்டும் ஓர் இடம் நகர்த்தினால் போதும். தலைப்பு அவர்கள் நன்றாக அறிந்ததாக இருக்கட்டும்: எங்கள் தெருத் திருவிழா, நான் சமைக்கத் தெரிந்த ஒன்று, வீட்டில் நடந்த ஒரு சண்டை. புதுத் தகவலைத் தேட வேண்டிய தலைப்பைக் கொடுத்தால் சரளம் வராது, தேடல்தான் நடக்கும்.

ஜிக்சா முறையைப் பற்றி எல்லாப் பயிற்சியிலும் சொல்வார்கள். உளவியலாளர் எலியட் அரான்சன் 1971இல் டெக்சாஸின் ஆஸ்டின் நகரில், இனவாரியாகப் பிரிந்திருந்த பள்ளிகள் ஒன்றாக்கப்பட்டபோது மாணவர்களுக்கிடையே எழுந்த பகையைத் தணிக்க உருவாக்கியது அது. பாடத்தை நான்காகப் பிரித்து, ஒவ்வொரு பகுதியையும் ஒருவர், அதே பகுதியை எடுத்த மற்றக் குழுக்காரர்களோடு உட்கார்ந்து கற்றுவந்து, தன் குழுவுக்குச் சொல்வார். நல்ல முறைதான், ஆனால் 45 பேர் இருமுறை இடம்மாற வேண்டும். நெருக்கமான அறையில் பாதி நேரம் அதற்கே போகும். மாதம் ஒருமுறை, உரைநடைப் பாடம் தொடங்கும்போது செய்யுங்கள். சொல்லும் கட்டத்துக்கு முன் புத்தகத்தை மூட வைத்துவிட வேண்டும், இல்லையென்றால் வாசித்துக் காட்டிவிட்டு முடித்துவிடுவார்கள்.

விவாதம் என்றதும் நம் மனத்தில் பட்டிமன்றம் வந்துவிடுகிறது. பட்டிமன்றத்தில் எதிரணி சொன்னதற்குப் பதில் சொல்வதைவிடக் கைதட்டல் வாங்குவது முக்கியம். வகுப்பறைக்கு ஒரே ஒரு விதி போதும்: எதிரே இருப்பவர் சொன்னதை உன் சொற்களில் திருப்பிச் சொல், அவர் "யெஸ், தட் இஸ் வாட் ஐ மென்ட்" என்று ஒப்புக்கொண்ட பிறகே மறுத்துப் பேசலாம். நான்கு பேர் கொண்ட குழுவில், இருவருக்கு இருவராக இதைச் செய்தால் பதினோரு குழுவும் ஒரே நேரத்தில் பேசும். தலைப்பு மட்டும் தயவுசெய்து "செல்பேசி வரமா சாபமா" வேண்டாம். அதற்கான விடை ஆறாம் வகுப்பிலிருந்தே கட்டுரை நோட்டில் தயாராக இருக்கிறது. விளையாட்டுப் பாடவேளையை வேறு ஆசிரியர் எடுத்துக்கொள்ளலாமா, வகுப்புத் தலைவரை ஆசிரியர் நியமிப்பதா மாணவர் தேர்ந்தெடுப்பதா என்பது போன்றவற்றில் அவர்களுக்கு உண்மையான கருத்தும் கோபமும் இருக்கும். கோபம் வந்தால் இலக்கணப் பயம் மறந்துபோகும்.

இவற்றையெல்லாம் செய்யும்போது தமிழை என்ன செய்வது என்ற கேள்வி எழும். குழுவில் திட்டமிடும் நேரத்தில் தமிழில் பேசட்டும். என்ன சொல்வது என்று முடிவெடுக்கும் சுமையையும் எந்த மொழியில் சொல்வது என்ற சுமையையும் ஒரே நேரத்தில் ஏற்றினால் இரண்டும் கெடும். ஆனால் அடுத்தவரிடம் சொல்லும் கட்டம் ஆங்கிலத்தில்தான் என்பதில் விட்டுக்கொடுக்க வேண்டாம். சுவரில் "குட் யூ ரிப்பீட் தட், ப்ளீஸ்?", "டூ யூ மீன்...?", "வெயிட், லெட் மி திங்க்", "ஐ டோன்ட் அக்ரீ, பிகாஸ்..." போன்ற பத்துத் தொடர்களை எழுதி ஒட்டுங்கள். பத்துக்கு மேல் போனால் யாரும் பார்க்க மாட்டார்கள். பேச்சு முறிந்துபோகும் இடத்தில் கைகொடுக்கும் தொடர்கள் இவை. இவை நாவில் நின்றாலே பாதித் தயக்கம் போய்விடும்.

தவறுகளைத் திருத்துவதில்தான் நல்ல ஆசிரியர்கள்கூட அவசரப்படுகிறார்கள். மாணவர் "ஐ ஆம் ஹேவிங் டூ பிரதர்ஸ்" என்றதும் "ஓ, யூ ஹேவ் டூ பிரதர்ஸ்" என்று சரியான வடிவத்தைச் சொல்லிக் கடந்துவிடுவோம். ராய் லிஸ்டரும் லைலா ராண்டாவும் மான்ட்ரியல் பகுதியின் பிரெஞ்சு வழி வகுப்புகளில் செய்து 1997இல் வெளியிட்ட ஆய்வில், ஆசிரியர்களின் திருத்தங்களில் 55 விழுக்காடு இந்த வகைதான். ஆனால் அவற்றில் 31 விழுக்காட்டுக்குத்தான் மாணவரிடமிருந்து ஏதேனும் எதிர்வினை வந்தது. மாணவரையே சரியாகச் சொல்லத் தூண்டிய முறைகளுக்கு எதிர்வினை மிக அதிகம். ஆகவே பேசும்போது குறுக்கிடாதீர்கள். வரிசைகளுக்கிடையே நடந்துகொண்டே காதில் விழும் தவறுகளைக் குறித்து, கடைசி 5 நிமிடத்தில் நான்கைந்து வாக்கியங்களைப் பெயர் சொல்லாமல் கரும்பலகையில் எழுதி, இணையாகத் திருத்தச் சொல்லுங்கள். அவற்றில் ஒன்று சரியான வாக்கியமாகவும் இருக்கட்டும். அதையும் திருத்த முயல்கிறார்களா என்று பார்ப்பது சுவாரசியமாக இருக்கும். உச்சரிப்பில், பொருள் மாறாதவரை தமிழ் வாடையை விட்டுவிடலாம் என்பதே என் கருத்து.

தலை குனிவதற்குக் காரணம் பல சமயம் மொழியைவிட அவமானப் பயமே. வீட்டில் ஆங்கிலம் காதில் விழாத முதல் தலைமுறை மாணவர்கள், கேலி செய்யும் நண்பர்கள், பையன்களும் பெண்களும் தனித்தனி வரிசை என்று எல்லாம் சேர்ந்துகொள்கிறது. முதல் ஒன்றரை மாதம் யாரையும் வகுப்பின் முன்னால் நிறுத்தாதீர்கள். இணைகளை முதலில் அவர்கள் விருப்பப்படியே விட்டு, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை நீங்கள் மாற்றுங்கள். நன்றாகப் பேசுபவரையும் மிகவும் திணறுபவரையும் சேர்ப்பது பார்க்க நல்ல யோசனையாகத் தோன்றும். நடைமுறையில் முன்னவர் முழுக்கப் பேசிவிடுவார். நடுத்தரத்தாரோடு திணறுபவரைச் சேர்ப்பது மேல்.

சத்தம் வரத்தான் செய்யும். பக்கத்து வகுப்பு ஆசிரியரிடமும் தலைமையாசிரியரிடமும் எந்த நாளில் எந்த நேரம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். இடமிருந்தால் மரத்தடிக்குப் போய்விடுங்கள். கையை உயர்த்தினால் எல்லோரும் கை உயர்த்தி அமைதியாக வேண்டும் என்ற ஒரு சைகை பழக்கத்துக்கு வரச் சில வாரம் ஆகும்.

மதிப்பீட்டுக்கு உங்கள் கைபேசியே போதும். ஒரு வகுப்பில் மூன்று இணைகளின் பேச்சை 2 நிமிடம் பதிவு செய்தால், 22 இணைகளும் எட்டு வகுப்புகளில் முடிந்துவிடும். எதிரே இருப்பவருக்குப் புரிந்ததா, அவர் சொன்னதைப் பிடித்துக்கொண்டு பதில் வந்ததா, சொல் கிடைக்காதபோது நின்றுவிடாமல் வேறு வழியில் சொன்னார்களா என்ற மூன்றையும் மட்டும் பாருங்கள். இலக்கணத்தை எழுத்துத்தேர்வு போதுமான அளவுக்குப் பார்த்துக்கொள்கிறது. முதல் பதிவை அழிக்காமல் வைத்திருந்து டிசம்பரில் அவர்களையே கேட்க வையுங்கள். மதிப்பெண்ணைவிட அது அவர்களுக்கு அதிகம் சொல்லும்.

நீங்கள் 10ஆம் வகுப்பையும் கேட்டிருக்கிறீர்கள். பொதுத்தேர்வில் ஆங்கிலத்தின் 100 மதிப்பெண்ணும் எழுத்துக்கே என்பதால் அரையாண்டுத் தேர்வுக்குப் பின் பேச்சுக்கு நேரம் கேட்பது எந்தப் பள்ளியிலும் கடினம். ஆகவே 9ஆம் வகுப்பில் வாரம் இரண்டு முறை 15 நிமிடம் என்று உறுதியாக வைத்துக்கொண்டு, முதல் பருவத்தில் யோசி-இணை-பகிர் முறையும் தகவல் இடைவெளியும், அரையாண்டுக்குள் 4-3-2, கடைசியில் விவாதம் என்று போங்கள். 10இல், முந்தைய நாள் பாடத்தை அடுத்தவரிடம் 1 நிமிடம் சொல்வது, திருப்புதல் வினாக்களைப் பலகைக்கு முதுகு காட்டி உட்கார்ந்தவரிடம் விளக்குவது என்று திருப்புதலுக்குள்ளேயே பேச்சைச் செருகிவிடலாம்; தேர்வுக்கும் அது பயன்படும் என்பதால் யாரும் ஆட்சேபிக்க மாட்டார்கள்.